அன்பு மருமகனும்

ஜனவரி 8, ஞாயிறு

பொங்கல் விழா அழைப்பை இன்று அனுப்பி முடித்தேன். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கினது, மத்தியானச் சோறு வேகும்வரை ஓடியது. எங்கள் இணையத்தளத்தை வைத்திருக்கும் கம்பனி ஒரே நேரத்தில் எல்லாருக்கும் மெயில் அனுப்ப விடாது. குப்பை அனுப்புகிற ஆட்கள் என்று நினைத்துப் பூட்டிவிடும். அதனால் குணம் எழுதிவைத்த புரோகிராம் ஐம்பது பேருக்கு அனுப்பும், கொஞ்சம் இளைப்பாறும், பிறகு அடுத்த ஐம்பது. ஆங்கில அகரவரிசையில் ஒவ்வொரு பெயராகத் திரையில் வரும். பக்கத்தில் ‘போட்டுது’ என்று விழும். அனுப்பப்பட்டது என்று நல்ல தமிழில் எழுதினால் என்னவென்று அவர் அதை எழுதினபோது கேட்டேன். “உங்கட ஊர்ச்சனம் அப்பிடியே கதைக்குது?” என்றார் குணம், என் மனிசன்.

என்னுடைய ஊர்ச்சனம்தான். நாவலடிப்புலம் மக்கள் ஒன்றியம், கனடா. விழா, கூட்டம், கலியாணம், சாவு எல்லாம் என் கையால்தான் போகிறது. நிர்வாகசபையில் என் பெயர் கிடையாது. ‘உதவி செய்கிற அக்கா’ என்பார்கள்.

நேற்று தலைவர் லோகேந்திரனும் இன்னும் மூன்று பேரும் அழைப்பின் வாசகம் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். கையில் கடைக் கோப்பியோடு வந்தார்கள். தேத்தண்ணி போடவா என்று கேட்டேன். “ஏனக்கா உங்களுக்குக் கரைச்சல், இப்பதானே குடிச்சுக்கொண்டு வாறம்” என்றான் லோகேந்திரன். இத்தனை வருடமாக ‘இப்பதான்’ குடித்துக்கொண்டு வருகிறார்கள். கேட்காமல் விடலாம். நானும் விடுவதில்லை, அவர்களும் விடுவதில்லை.

ஜனவரி 11, புதன்

வாசலில் குவிந்த பனியை வழித்தேன். இடுப்புப் பிடித்துக்கொண்டது.

ஜனவரி 15, ஞாயிறு

பொங்கல் விழா. ஸ்காபரோ மண்டபத்தில் வாசலில் நின்று நிகழ்ச்சி நிரல் கொடுத்தேன். அண்ணா குடும்பமாக வந்தார். என் கையிலிருந்த தாளை வாங்காமல், பக்கத்து மேசையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் இருந்தார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்த மேசையில் தாள்களை அடுக்கினதும் நான்தான்.

அப்பா வரவில்லை. வழக்கமாக அண்ணாவுக்குப் பக்கத்தில் சால்வையோடு இருப்பார். நான் தேடவில்லை, கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். கமலாம்பிகை மாமி கழிவறை வாசலில் என்னை மறித்தா. சுற்றிவரப் பார்த்துவிட்டு, “பிள்ளை, கொப்பர் ஆஸ்பத்திரியில எல்லே. நெஞ்சில தண்ணியாம். ஆரும் சொல்லேல்லையோ?” என்றா. எனக்கு ஆர் சொல்வது? “ஓ, அப்பிடியோ” என்றேன். மாமி என் கையைத் தொடவந்து, யாரோ வரவும் சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு போய்விட்டா.

ஜனவரி 18, புதன்

வேலை முடிந்து ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு அலுவல் இருந்தது. கார் நிறுத்துமிடத்தில் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தேன். அண்ணாவின் கார் வாசலுக்குக் கிட்ட நின்றது. பிறகு வீட்டுக்கு வந்துவிட்டேன். சூட்டுப் போத்தலில் இருந்த கஞ்சியை நானே குடித்தேன். உப்புச் சரியாக இருந்தது.

ஜனவரி 22, ஞாயிறு

மகள் ஆரணி ஒட்டாவாவிலிருந்து போன் எடுத்தாள். படிப்பு, பனி, அறைத்தோழியின் பூனை எல்லாம் சொன்னாள். அம்மப்பா ஆஸ்பத்திரியில் என்று சொன்னேன். “ஆர் அம்மப்பா?” என்று கேட்டாள். பகிடி இல்லை, உண்மையாகவே யோசித்துவிட்டுக் கேட்டாள். அவள் அவரை மண்டபங்களில் தூரத்தில் கண்டிருக்கிறாள், ஒரு சால்வை போட்ட கிழவராக.

குணத்தின் ஆட்கள் எங்கள் வளவுக் கிணற்றில் அள்ளக்கூடாத ஆட்கள். இந்த ஊருக்கு வந்து, குழாயைத் திறந்தால் எல்லார் வீட்டிலும் ஒரே தண்ணீர் வருகிற ஊருக்கு வந்து, நான் அவரைக் கட்டினேன். அன்றைக்கு அப்பா, “எனக்கு ஒரு பிள்ளைதான். அவன் பேர் சிறீஸ்கந்தராசா” என்றார். சொன்ன சொல்லில் நிற்கிற மனிசன். ஊரில் றோட்டுப் போடுவிக்கிற ஓவசியராக இருந்தவர், போட்ட கல்லை நகர்த்தமாட்டார். போகட்டும். எனக்கு அது எப்போதோ ஆறிப்போன விசயம்.

பெப்ரவரி 1, புதன்

பல் கிளினிக்கில் வரவேற்பில் இருந்தேன். மதிய இடைவேளையில் போனில் மெயில் பார்த்தேன். லோகேந்திரன் எழுதியிருந்தான். “அக்கா, ஒரு மரண அறிவித்தல். அவசரம். இண்டைக்கே போனா நல்லம்.”

கோப்பைத் திறந்தேன்.

‘நாவலடிப்புலத்தைப் பிறப்பிடமாகவும் கனடாவை வதிவிடமாகவும் கொண்ட ஆறுமுகம் நமசிவாயம் அவர்கள் ஜனவரி 31 அன்று காலமாணார்.’

எனக்கு இப்படித்தான் தெரிந்தது. ஒரு கையில் பாண் துண்டு.

‘அன்னார், காலஞ்சென்ற ஆறுமுகம் – வள்ளியம்மை தம்பதிகளின் அன்பு மகனும், பாக்கியலட்சுமியின் ஆருயிர்க் கணவரும், சிறீஸ்கந்தராசாவின் பாசமிகு தந்தையும்...’ அதற்குப் பிறகு மருமகள், பேரப்பிள்ளைகள், மைத்துனர்மார், சகலன், சகலனின் அண்ணன்வரைக்கும் இருந்தது. கொழும்பில் எப்போதோ செத்துப்போன ஒரு பெறாமகனுக்கும் இடம் இருந்தது. நான் இல்லை. என் பிள்ளை இல்லை. தகவல்: மகன்.

‘காலமாணார்’ என்பதைக் ‘காலமானார்’ என்று திருத்தினேன். அப்பாவின் சாவில் நான் செய்த முதல் கடமை அது.

பின்னேரம்வரை வேலை செய்தேன். ஒரு கிழவர் பல்செட் சரியில்லை என்று என்னோடு சண்டை பிடித்தார். நல்ல சண்டை. அவர் இல்லாவிட்டால் அந்த நேரம் போயிருக்காது.

அதே நாள், வீட்டில்

எதையும் முதலில் எனக்கே அனுப்பிப் பார்க்கவேண்டும் என்பது குணத்தின் சட்டம். அனுப்பினேன். புரோகிராம் பெயரைத் தானே போட்டுக்கொள்ளும். ‘திருமதி பவளராணி குணரத்தினம் அவர்களுக்கு, எமது ஊரவர் ஒருவரின் மறைவைத் துயருடன் அறியத்தருகின்றோம்’ என்று வந்தது. எமது ஊரவர் ஒருவர்.

லோகேந்திரனுக்குப் போன் எடுத்தேன்.

“தம்பி, அவருக்கு ஒரு மகளும் இருக்கிறா எண்டு உமக்குத் தெரியும்தானே?”

“தெரியும் அக்கா. எனக்கு மனவருத்தம்தான். ஆனா குடும்பம் தாறதைத்தான் நாங்கள் போடுறது. குடும்ப விசயத்தில ஒன்றியம் தலையிட ஏலாது.”

“குணம் செத்ததும் குடும்ப விசயமோ? அதையும் போடேல்லை.”

“அவர் எங்கட ஊர் இல்லைத்தானே அக்கா. ஒன்றியத்தின்ர சட்டயாப்பில அப்பிடி இருக்கு. மூண்டு வருசத்துக்கு முந்தியும் விளங்கப்படுத்தினனான்.”

“அவர் எழுதின புரோகிராம் மட்டும் உங்கட ஊரோ?”

“கோவிக்காதேங்கோ அக்கா. இண்டைக்குப் போயிடும்தானே?”

விசரன். அவனும் கெட்டவன் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவன் என்றால் திட்டிவிட்டுப் படுக்கலாம். நாளைக்குப் போகும் என்று சொன்னேன்.

பெப்ரவரி 2, வியாழன்

லீவு சொன்னேன். எதற்கு என்று கேட்டார்கள். அப்பா செத்துப்போனார் என்றேன். கிளினிக்கில் எல்லாரும் வந்து கட்டிப்பிடித்தார்கள். பிலிப்பைன்ஸ்காரி ரோசா அழுதுவிட்டாள். அவளுக்கு என்ன தெரியும்!

காலையில் உடுப்புகளை மெஷினில் போட்டுவிட்டு மேசையில் இருந்தேன். அறிவித்தலைத் திறந்து மூன்று இடத்தில் கைவைத்தேன். ‘சிறீஸ்கந்தராசா, பவளராணி ஆகியோரின் பாசமிகு தந்தையும்’ என்றாக்கினேன். மாமனார் என்ற இடத்தில் ‘காலஞ்சென்ற குணரத்தினம்’ என்று சேர்த்தேன். ‘ஆரணியின் அன்புப் பாட்டனாரும்’ என்று போட்டேன். வாசித்துப் பார்த்தேன். பொய் ஒரு சொல்லும் இல்லை. அனுப்பு என்பதை அமத்தினேன்.

பெயர்கள் வரத் தொடங்கின. அமிர்தலிங்கம், போட்டுது. பாலசிங்கம், போட்டுது. டி எழுத்தில் எழுதுகிற தனபாலன், போட்டுது. இளைப்பாறியது. திரும்ப ஓடியது. எத்தனையோ நாள் இந்தத் திரையைப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டு வாசித்தேன். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நான் செருப்போடு ஏறிப்போவது மாதிரி இருந்தது. நல்ல சந்தோசமாகவும் இருந்தது, மறைப்பானேன்.

கமலாம்பிகை, போட்டுது. அப்போது போன் அடித்தது. அண்ணா வீட்டு இலக்கம்.

“பவளம்.”

அம்மாவின் குரல். என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டு எவ்வளவு காலம்!

“அம்மா.”

“என்ன வேலை பாத்தனி? பாலசிங்கத்தார் போன் எடுத்து, மகளோட எப்ப ராசியானனீங்கள் எண்டு கேட்டவராம். கொண்ணன் நிண்டு குதிக்கிறான்.”

“நான் அப்பாவின்ர மகள் இல்லையோ அம்மா?”

பின்னால் அண்ணா கத்துவது கேட்டது. பிறகு அம்மா குரலை அடக்கிக்கொண்டு சொன்னா: “இனி நான் அவனோடதானே பிள்ளை இருக்கவேணும். எனக்கு வேற ஆர் இருக்கினம்? உந்தப் பேரை எடுத்துவிடடி. எனக்காக எடுத்துவிடு.”

என்னோடு வந்து இருங்கோ என்று சொல்ல வாய் வந்தது. என் வீட்டில் அவ தண்ணீர் குடிப்பாவோ என்று எனக்கே தெரியவில்லை. சொல்லவில்லை.

“போனதைத் திருப்பி எடுக்க ஏலாது அம்மா. மிச்ச ஆக்களுக்கு எடுத்துவிடுறன்.” பிறகு கேட்டேன், “அப்பா கடைசியா ஏதும் கேட்டவரோ?”

“என்னத்தைக் கேட்டவர்... கஞ்சி கேட்டவர். ஒரு கிழமையாக் கஞ்சி கஞ்சி எண்டார். ஆஸ்பத்திரியில ஆர் கஞ்சி குடுக்கினம்?”

போனை வைத்தேன். ‘நில்’ என்பதை அமத்தினேன். கே எழுத்தோடு நின்றது. என் பெயர், குணத்தின் பெயர், பிள்ளையின் பெயர் மூன்றையும் எடுத்துவிட்டு எல் எழுத்திலிருந்து திரும்ப ஓடவிட்டேன். லோகேந்திரன், போட்டுது.

உடுப்புகளைக் காயப்போட மறந்துபோனேன். எல்லாம் புழுங்கி மணத்தது. திரும்பத் தோய்த்தேன்.

பெப்ரவரி 5, ஞாயிறு

கிரியைகள் நடந்தன. ஆரணி நேற்றே பஸ்ஸில் வந்துவிட்டாள். மரணச்சாலையின் மண்டபத்துக்குள் நான் போனபோது சனம் நிறைந்திருந்தது.

என்ன நடந்தது என்று எழுதாவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன். ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றது, ஆங்கில அகரவரிசையில்.

பாலசிங்கத்தார் வந்து என் இரண்டு கையையும் பிடித்தார். “கொப்பர் நல்ல மனுசன் பிள்ளை. கடைசியில எல்லாம் சரியாப்போச்சுது, அதுவே பெரிய நிம்மதி” என்றார். தனபாலன் தலை குனிந்து அனுதாபம் சொன்னான். கமலாம்பிகை மாமி எல்லாருக்கும் முன்னால், சுற்றிவரப் பார்க்காமல், என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. ஆரணியின் தலையைத் தடவி, “அம்மப்பாவின்ர மூக்கு” என்றா. அவர்களுக்குப் பின்னால் வந்த பொன்னுத்துரை, சண்முகம், விமலா எல்லாரும் என்னைத் தாண்டி அண்ணாவிடம் போனார்கள். விமலா சின்ன வயதில் என்னோடு ஒரே பாயில் படுத்தவள். “வந்தனீரோ” என்றாள், ஏதோ கடையில் கண்டதுபோல. சிலர் பாலசிங்கத்தார் என் கையைப் பிடிப்பதைப் பார்த்துவிட்டு, விளங்காமல் நின்றார்கள்.

நான் முட்டாள், கொஞ்சநேரம் எனக்கு மனம் குளிர்ந்துபோனது. ஏ முதல் கே வரை உள்ள சனம் நல்ல சனம் என்று நினைத்துவிட்டேன்.

பெட்டிக்குக் கிட்டப் போனேன். அப்பா சின்னதாகப் போயிருந்தார். கோபம் இல்லாத முகத்தை நான் மறந்தே போயிருந்தேன். ஐயர் பிள்ளைகளைக் கூப்பிட்டார். அண்ணா செய்யவேண்டியதைச் செய்தார். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தார்கள், அண்ணாவின் பிள்ளைகள். பிறகு ஐயர், “மகள்மார் வந்து வாய்க்கரிசி போடலாம்” என்றார்.

“போ பிள்ளை” என்று கமலாம்பிகை மாமி முதுகில் தள்ளினா. நான் ஒரு அடி வைத்தேன்.

“மகள் இல்லை ஐயா,” என்றார் அண்ணா. கத்தவில்லை. பிழை திருத்துவதுபோலச் சொன்னார். “ஒரு பிள்ளைதான். மருமகள் போடுவா.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அரிசித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தா. பாலசிங்கத்தாரைப் பார்த்தேன். அவர் தன் சப்பாத்தைப் பார்த்தார். தனபாலன் போனை எடுத்துப் பார்த்தான். முதுகில் இருந்த மாமியின் கை எப்போது எடுபட்டது என்று தெரியவில்லை. ஒரு நிமிசத்துக்குள் எல்லா எழுத்தும் ஒன்றாகிவிட்டது.

அவர்கள் என்னில் இரங்கவில்லை. இரங்கலாம் என்று ஒரு அறிவித்தல் வந்தது, இரங்கினார்கள். பிறகு வேறு அறிவித்தல் வந்தது.

“அம்மா, வாங்கோ போவம்,” என்றாள் ஆரணி. அவளுக்குத் தமிழில் கோபப்படத் தெரியாது. காருக்குள் ஏறினபிறகு ஆங்கிலத்தில் கோபப்பட்டாள். நான் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டு நின்றேன். சுரண்டி முடிந்தும் சுரண்டினேன்.

பெப்ரவரி 6, திங்கள்

வேலைக்குப் போனேன். ரோசா மாக்கரோனி செய்து கொண்டுவந்து தந்தாள். சாவீட்டுக்கு அவர்கள் ஊரிலும் சாப்பாடு கொடுப்பார்களாம். இருந்து முழுவதும் சாப்பிட்டேன்.

பெப்ரவரி 11, சனி

கஞ்சி காய்ச்சினேன். ஆருக்கென்று தெரியவில்லை. ஊற்றிவிட்டேன்.

பெப்ரவரி 18, சனி

லோகேந்திரனின் மெயில். “அக்கா, நமசிவாயம் ஐயாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை, மதியபோசன அழைப்பு. வழக்கமான எல்லாருக்கும். இந்தமுறை ஒரு மாற்றமும் செய்யாமல் அனுப்பிவிடுங்கோ, பிளீஸ்.” கீழே கும்பிடுகிற கைப்படம் ஒன்று.

கோப்பைத் திறக்கவில்லை. தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து, புதிதாக ஒன்று எழுதினேன். எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், கையே எழுதிக்கொண்டு போனது.

‘மரண அறிவித்தல். கந்தையா குணரத்தினம் அவர்கள் மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் ரொறன்ரோவில் காலமானார். அன்னார், காலஞ்சென்ற கந்தையா – சின்னாச்சி தம்பதிகளின் அன்பு மகனும், காலஞ்சென்ற நமசிவாயம் மற்றும் பாக்கியலட்சுமி தம்பதிகளின் அன்பு மருமகனும், பவளராணியின் ஆருயிர்க் கணவரும், ஆரணியின் பாசமிகு தந்தையும், சிறீஸ்கந்தராசாவின் அன்பு மைத்துனரும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: மனைவி.’

குடும்பம் தருவதைத்தான் போடுவது. இவருக்குக் குடும்பம் நான். எங்கள் வழக்கத்தில் மருமகன் என்று எழுதினால் மாமனைச் சொல்லத்தான் வேண்டும், மாமனைச் சொன்னால் நான் ஆர் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு எழுத்தும் பொய் இல்லை.

முதலில் எனக்கே அனுப்பிப் பார்த்தேன். ‘திருமதி பவளராணி குணரத்தினம் அவர்களுக்கு’ என்று வந்தது. அதை வாசித்தபோதுதான் அழுகை வந்தது. அப்பாவுக்கும் சேர்த்துத்தான் அழுதேன். மூன்று வருடமாக எனக்கு ஒருவரும் இதை முறையாக அறிவிக்கவில்லை.

பிறகு ஓடவிட்டேன். போன் அடித்தது, அண்ணா வீட்டு இலக்கம். எடுத்தால் அம்மாவாக இருக்கும். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தது. கே வந்தது, போட்டுது. எல் வந்தது, போட்டுது. பி, எஸ், வி. கடைசிப் பெயர்வரை பார்த்துக்கொண்டு இருந்தேன். தேத்தண்ணி ஆறிப்போனது, அதையும் குடித்தேன்.

பெப்ரவரி 21, செவ்வாய்

அனுதாபம் ஒன்றும் வரவில்லை. ரோசாவின் மாக்கரோனிப் பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன்.

பெப்ரவரி 22, புதன்

லோகேந்திரன் எழுதியிருக்கிறான். என் அறிவித்தலைப்பற்றி ஒரு சொல் இல்லை. “அக்கா, அந்தியேட்டி மெயில் இன்னும் போகேல்லை. ஆக்கள் கேக்கினம். புரோகிராமில ஏதும் பிழையோ?”

உடனே பதில் போட்டேன்.

“தம்பி, புரோகிராமில் ஒரு பிழையும் இல்லை. அதை எழுதினவர் காலமாகிவிட்டார். அறிவித்தல் உங்களுக்கும் வந்தது.”